பாஸ்போர்ட்டில் விசா இருந்தால் போதுமா? கொரோனா காலம் சொல்லிக் கொடுத்த பாடம்

(வெளிநாட்டில் படிக்கும், படிக்கப் போகும் மாணவர்களின் பெற்றோருக்காக நமது சங்கத்தின் கல்விக் குழு நடத்திய கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



கொரோனா காலத்தில் மாணவர் விசாவும் மற்ற தற்காலிக விசாக்களும் என்ன பாடு பட்டன என்பதுதான் எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு. "முடிந்துபோன கதையை இப்போது எதற்குப் பேச வேண்டும்?" என்று சிலருக்குத் தோன்றலாம். வெள்ளம் வந்து வடிந்த பிறகுதான் ஏரிக்கரையில் எங்கே பலம், எங்கே பலவீனம் என்பது தெரியும். அடுத்த மழைக்கு முன்னால் கரையைப் பார்த்துவைப்பது நல்லது, அவ்வளவுதான்.

இதில் சம்பந்தப்பட்டவர்கள் கொஞ்சநஞ்சம் பேர் இல்லை. 2019-20 கல்வியாண்டில் அமெரிக்காவில் மட்டும் 1,93,124 இந்திய மாணவர்கள் இருந்தார்கள். 2024-25இல் அந்த எண்ணிக்கை 3,63,019. நம் சங்க அங்கத்தினர்களில் ஒரு பிள்ளையோ பெண்ணோ, மருமகனோ பேத்தியோ வெளிநாட்டில் இல்லாத குடும்பத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

"பையனுக்கு விசா கிடைச்சாச்சு" என்று எல்லோருக்கும் போன் பண்ணிச் சொல்கிறோம். பாஸ்போர்ட்டை ஸ்வாமி முன்னால் வைத்து நமஸ்காரம் பண்ணச் சொல்கிறோம். ஆனால் அந்த ஒரு வார்த்தைக்குள் மூன்று தனித்தனி அனுமதிகள் இருக்கின்றன. முதலாவது, அந்த நாட்டுக்குள் நுழைய அனுமதி. இரண்டாவது, நுழைந்த பிறகு அங்கே தங்கிப் படிக்கவோ வேலை பார்க்கவோ அனுமதி. மூன்றாவது, படித்து வாங்கிய பட்டம் நம் நாட்டில் செல்லுபடியாவதற்கான அங்கீகாரம். இந்த மூன்றையும் கொடுப்பவர்கள் வேறு வேறு பேர். மூன்றுக்கும் கெடு வேறு வேறு. சாதாரண நாட்களில் இவை ஒரே ரயிலின் மூன்று பெட்டிகள் போலச் சேர்ந்தே ஓடுவதால், நாம் மூன்றையும் ஒன்று என்றே நினைத்துக்கொள்கிறோம். 2020 மார்ச்சில் பெட்டிகள் கழன்றன. ஒருவருக்கு முதல் அனுமதி போயிற்று, இன்னொருவருக்கு இரண்டாவது, மற்றொருவருக்கு மூன்றாவது. இதை மட்டும் நீங்கள் மனதில் வாங்கிக்கொண்டு போனால் போதும். ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

நுழைய அனுமதி

பாஸ்போர்ட்டில் ஒட்டியிருக்கும் விசா, வாசல் வரை போய்க் கதவைத் தட்டுவதற்கான சீட்டு. உள்ளே விடுவதா, எத்தனை நாள் இருக்கலாம் என்பதை அங்கே இறங்கும்போது குடியேற்ற அதிகாரி தீர்மானிக்கிறார். அமெரிக்காவில் இதை ஐ-94 என்ற பதிவு காட்டும். விசா காலாவதியானாலும் ஐ-94 பதிவின்படி உள்ளே தொடர்ந்து இருக்கலாம். வெளியே வந்துவிட்டால்தான் புது விசா வேண்டும்.

இந்த வித்தியாசம் 2020இல் பல குடும்பங்களைப் பிரித்துவைத்தது. அங்கே எச்-1பி விசாவில் வேலை பார்ப்பவர் கல்யாணத்துக்கோ அப்பாவின் சஷ்டியப்தபூர்த்திக்கோ ஊருக்கு வருகிறார். வேலை இருக்கிறது, வேலைக்கான ஒப்புதல் கடிதம் இன்னும் இரண்டு வருஷத்துக்கு இருக்கிறது. பாஸ்போர்ட்டில் உள்ள முத்திரை மட்டும் காலாவதி. வழக்கமாக இது பத்து நாளில் முடிகிற காரியம். மார்ச்சில் தூதரகங்கள் வழக்கமான விசா வேலைகளை நிறுத்தின. ஜூன் 22 அன்று அதிபர் டிரம்ப் ஒரு பிரகடனம் வெளியிட்டு, எச்-1பி, எல்-1, சில ஜே-1 பிரிவுகளில் புதிதாக விசா வாங்கி வருவதை அந்த வருஷக் கடைசி வரை நிறுத்தினார். பிறகு அது 2021 மார்ச் 31 வரை நீண்டது. அந்தத் தேதியில் செல்லுபடியாகும் விசா கையில் வைத்திருந்தவர்களை அது தடுக்கவில்லை. ஆக, ஒரே கம்பெனியில் ஒரே வேலை பார்க்கும் இரண்டு பேர் ஊருக்கு வந்திருந்தால், ஒருவர் திரும்பிப் போகலாம், மற்றவர் போக முடியாது. இருவருக்கும் வித்தியாசம் பாஸ்போர்ட்டில் இருந்த ஒரு தேதிதான்.

மாணவர்களின் எஃப்-1 விசா அந்தப் பிரகடனத்தில் சேரவில்லை. ஆனால் 2021இல் நம் நாட்டில் இரண்டாவது அலை வீசியபோது, இந்தியாவிலிருந்து வருபவர்களுக்கு மே 4 முதல் அமெரிக்கா தடை போட்டது. ஆகஸ்ட் 1 அல்லது அதற்குப் பிறகு வகுப்பு ஆரம்பிக்கும் மாணவர்களுக்கு விலக்குக் கிடைத்தது. வகுப்பு தொடங்குவதற்கு 30 நாளுக்கு முன்னால் நுழைய முடியாது என்ற நிபந்தனையும் கூடவே இருந்தது. அந்த ஜூன், ஜூலையில் விசா நேர்காணலுக்குத் தேதி கிடைக்குமா என்று ராத்திரி முழுக்கக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்த பெற்றோர் இந்தச் சபையிலேயே இருப்பீர்கள். இருந்தும் அந்த வருஷம் 55,000க்கும் மேற்பட்ட மாணவர்களுக்கும் பரிமாற்றத் திட்டத்தில் போனவர்களுக்கும் இந்தியாவிலிருந்த அமெரிக்கத் தூதரகங்கள் விசா வழங்கின.

ஆஸ்திரேலியா வேறு விதம். 2020 மார்ச் 20 அன்று பிரஜைகளும் நிரந்தரவாசிகளும் தவிர மற்றவர்களுக்குக் கதவை மூடியது. மாணவர்களுக்குப் பொதுவாகக் கதவு திறந்தது 2021 டிசம்பர் 15 அன்று. ஏறக்குறைய இருபத்தொரு மாதம். இரண்டு வருஷ முதுகலைப் படிப்பில் இருபத்தொரு மாதம் போனால் என்ன மிஞ்சும்? முறையான மாணவர் விசா கையில் இருந்தும், ஆஸ்திரேலிய மண்ணை மிதிக்காமல் வீட்டு அறையிலேயே லேப்டாப்பில் படித்தவர்கள் உண்டு. அப்படி வெளியிலிருந்து ஆன்லைனில் படித்ததையும் பின்னால் வேலை விசாவுக்குக் கணக்கில் எடுத்துக்கொள்வோம் என்று அந்த அரசு 2020 ஜூலையில் அறிவித்தது, ஓரளவு ஆறுதல். அதே நாடு 2021 மே மாதம், இந்தியாவில் இருந்துவிட்டு வரும் தன் சொந்தப் பிரஜைகளையே சில நாட்கள் தடுத்தது. மீறினால் ஐந்து வருஷம் வரை சிறை அல்லது 66,600 டாலர் வரை அபராதம் என்றது. பிரஜைக்கே அந்தக் கதி என்றால் தற்காலிக விசாக்காரரைப் பற்றிக் கேட்க வேண்டாம்.

கனடா 2020 அக்டோபர் 20 முதல், கொரோனாவைச் சமாளிக்கும் திட்டத்துக்கு மாகாண அரசின் ஒப்புதல் பெற்ற கல்லூரிகளின் மாணவர்களை மட்டும் அனுமதித்தது. விசா ஒன்றுதான், ஆனால் நுழைய முடியுமா என்பது எந்தக் கல்லூரி என்பதைப் பொறுத்தது. 2021 ஏப்ரல் 22 முதல் செப்டம்பர் 26 வரை இந்தியாவிலிருந்து நேரடி விமானமே இல்லை. வேறு நாடு வழியாக வரலாம், ஆனால் கொரோனா பரிசோதனையை அந்த மூன்றாவது நாட்டில் செய்துகொள்ள வேண்டும் என்றார்கள். விமானக் கட்டணமும் வழியில் தங்கும் செலவுமாகப் பெற்றோர் லட்சக்கணக்கில் செலவழித்தார்கள். இங்கிலாந்து 2021 ஏப்ரல் 23 அன்று இந்தியாவைச் சிவப்புப் பட்டியலில் சேர்த்தது. போய் இறங்குபவர் 1,750 பவுண்டு கட்டிப் பத்து நாள் ஓட்டலில் அடைபட்டிருக்க வேண்டும்.

தடுப்பூசியும் ஒரு விசா மாதிரியே ஆகிவிட்டது. கோவிஷீல்டு இரண்டு தவணைக்கும் நடுவே 12 முதல் 16 வாரம் என்று நம் அரசு வைத்திருந்த சமயம். ஆகஸ்டில் கிளம்ப வேண்டிய குழந்தைகள் என்ன செய்வார்கள்? 2021 ஜூன் 7 அன்று சுகாதார அமைச்சகம், படிக்கவும் வேலைக்கும் வெளிநாடு போகிறவர்கள் 28 நாளுக்குப் பிறகு இரண்டாவது ஊசி போட்டுக்கொள்ளலாம் என்றும், சான்றிதழில் பாஸ்போர்ட் எண்ணைச் சேர்த்துக்கொள்ளலாம் என்றும் விதி வகுத்தது. கோவாக்சின் போட்டவர்களின் கவலை தனி. உலக சுகாதார நிறுவனம் அதற்கு ஒப்புதல் தந்தது நவம்பர் 3 அன்றுதான். அதற்குள் பல கல்லூரிகளில் வகுப்பு தொடங்கிவிட்டது.

தங்க அனுமதி

உள்ளே இருந்தவர்களுக்குக் கவலை இல்லை என்று நினைத்துவிடக் கூடாது.

அமெரிக்காவில் எஃப்-1 மாணவர் ஒரு பருவத்தில் ஒரே ஒரு பாடத்தை, அதாவது மூன்று கிரெடிட் வரை, ஆன்லைனில் படித்தால்தான் முழுநேரப் படிப்புக் கணக்கில் சேரும். இது பழைய விதி. 2020 மார்ச்சில் கல்லூரிகள் எல்லாம் மூடியபோது, இந்த நெருக்கடி நீடிக்கும் வரை முழுக்க ஆன்லைனில் படித்தாலும் ஸ்டேட்டஸ் கெடாது என்று குடியேற்றத் துறை சலுகை கொடுத்தது. குழந்தைகள் அதை நம்பி வாடகை ஒப்பந்தம் போட்டார்கள், அடுத்த பருவத்துக்குப் பாடம் பதிவு செய்தார்கள். ஜூலை 6 அன்று அதே துறை வேறு அறிவிப்பு வெளியிட்டது. வரும் பருவத்தில் முழுக்க ஆன்லைனில் நடத்தும் கல்லூரியில் படிப்பவர் நாட்டில் இருக்க முடியாது. கிளம்பிப் போக வேண்டும், அல்லது நேரில் வகுப்பு நடத்தும் வேறு கல்லூரிக்கு மாற வேண்டும். நோய் குறையவே இல்லை, இந்தியாவுக்கு வழக்கமான விமானமும் இல்லை.

ஜூலை 8 அன்று ஹார்வர்டு பல்கலைக்கழகமும் எம்.ஐ.டி.யும் சேர்ந்து பாஸ்டன் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டன. பல மாநில அரசுகளும் தனியே வழக்குத் தொடர்ந்தன. ஜூலை 14 அன்று வழக்கு விசாரணைக்கு வந்தது. அறிவிப்பைத் திரும்பப் பெற அரசு ஒப்புக்கொண்டுவிட்டதாக நீதிபதி அறிவித்தார். எல்லாம் எட்டு நாளில் நடந்து முடிந்தது. ஆனால் அந்த எட்டு நாளில் எத்தனை வீடுகளில் தூக்கம் போயிற்று!

இந்தச் சம்பவத்தில் நாம் கவனிக்க வேண்டியவை இரண்டு. ஒன்று, அந்த அறிவிப்பை நிறுத்தியது தனிப்பட்ட மாணவர்களின் முறையீடு இல்லை, அவர்களுக்காக நீதிமன்றம் போகத் தயாராக இருந்த கல்வி நிறுவனங்கள். இரண்டு, அறிவிப்பு திரும்பப் பெறப்பட்டதும் எல்லாம் சரியாகிவிட்டது என்று பலர் நினைத்தார்கள். ஜூலை 24 அன்று வந்த விளக்கத்தைப் பலர் படிக்கவில்லை. மார்ச் 9ஆம் தேதி ஏற்கெனவே சேர்ந்திருந்த மாணவர்களுக்குத்தான் அந்தச் சலுகை. புதிதாகச் சேர்பவர் முழுக்க ஆன்லைன் படிப்புக்காக அமெரிக்காவுக்குள் வர முடியாது. வழக்குப் போட்டு ஜெயித்த பல்கலைக்கழகத்திலேயே அந்த வருஷம் புதிதாக இடம் கிடைத்த வெளிநாட்டுப் பிள்ளை, தன் ஊரிலேயே உட்கார்ந்திருக்க வேண்டியதாயிற்று. பத்திரிகைத் தலைப்பு ஒன்று, ஆணையின் வாசகம் வேறு ஒன்று.

படிப்பு முடித்து ஓ.பி.டி. என்ற பயிற்சி வேலையில் இருந்தவர்களுக்கு இன்னொரு கெடு. வேலை இல்லாமல் மொத்தம் 90 நாளுக்கு மேல் இருக்கக் கூடாது. கம்பெனிகள் ஆட்களைக் குறைத்த காலத்திலும் இந்த 90 நாள் கணக்கு நிற்கவில்லை. வாரத்துக்கு 20 மணி நேரத்துக்குக் குறைவாக வேலை பார்த்தாலும் வேலையில் இருப்பதாகவே கொள்வோம் என்ற அளவுக்குத்தான் தளர்த்தினார்கள். எச்-1பி விசாவில் வேலை போனவருக்கு 60 நாள் அவகாசம். அதற்குள் வேறு வேலை, அல்லது மூட்டை கட்ட வேண்டும்.

இங்கிலாந்து கொஞ்சம் தாராளமாக நடந்துகொண்டது. 2020 ஜனவரி 24க்குப் பிறகு விசா முடிந்து, ஊர் திரும்ப முடியாமல் இருந்தவர்களுக்கு ஜூலை 31 வரை நீட்டித்தது.

ஆஸ்திரேலியாவில் அந்த ஏப்ரலில் பிரதமர் ஸ்காட் மாரிசன், தங்கள் செலவைத் தாங்களே பார்த்துக்கொள்ள முடியாத வெளிநாட்டு மாணவர்களும் மற்ற வருகையாளர்களும் ஊர் திரும்பலாம் என்ற அர்த்தத்தில் பேசினார். வேலை இழந்தவர்களுக்கு அரசு கொடுத்த உதவித்தொகை தற்காலிக விசாக்காரர்களுக்குக் கிடையாது. ஒரு வருஷத்துக்கு மேல் அங்கே இருந்த மாணவர்கள் தங்கள் ஓய்வுக்கால சேமிப்பிலிருந்து பணம் எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். அதே சமயம், மாணவர்கள் இரண்டு வாரத்துக்கு 40 மணி நேரம்தான் வேலை செய்யலாம் என்ற வரம்பை முதியோர் இல்லங்களிலும் மருத்துவமனைகளிலும் கடைகளிலும் தளர்த்தினார்கள். ஏனென்றால் அங்கே ஆள் இல்லை. கைக்கு வேலை உண்டு, கஷ்டத்துக்கு உதவி இல்லை. "தற்காலிகம்" என்ற வார்த்தைக்கு ஆபத்துக் காலத்தில் என்ன அர்த்தம் என்பது இதில் தெரிகிறது. அந்த நாட்டின் மேல் கோபப்பட்டுப் பிரயோஜனம் இல்லை. நம் குழந்தை எந்தச் சீட்டில் உட்கார்ந்திருக்கிறது என்பதை நாம் தெரிந்துகொள்ள வேண்டும்.

அங்கீகாரம்

மூன்றாவது அனுமதியைப் பற்றி யாரும் பேசுவதில்லை, ஆனால் அதிகம் அடிபட்டது இதில்தான்.

சீனாவில் படித்துக்கொண்டிருந்த இந்திய மாணவர்கள் 23,000 பேருக்கு மேல், அவர்களில் பெரும்பாலோர் மருத்துவ மாணவர்கள். 2020 ஜனவரி, பிப்ரவரியில் சீனப் புத்தாண்டு விடுமுறைக்கு வந்தவர்கள் பலர். வூஹானிலிருந்து ஏர் இந்தியா இரண்டு விமானங்களில் 647 இந்தியர்களை அழைத்து வந்தது, அவர்களிலும் மாணவர்கள் ஏராளம். மார்ச் 28 முதல் சீனா, ஏற்கெனவே கொடுத்திருந்த விசாக்களையும் வசிப்பு அனுமதிகளையும் நிறுத்திவைத்தது. இந்திய மாணவர்களுக்கு மறுபடி விசா கொடுக்கத் தொடங்கியது 2022 ஆகஸ்ட் 24 அன்று. இரண்டு வருஷம் ஐந்து மாதம். அந்தக் காலம் முழுக்க அந்தக் கல்லூரிகள் ஆன்லைனில் பாடம் நடத்தின, பரீட்சை வைத்தன, பட்டமும் கொடுத்தன. அங்கே எல்லாம் முறைப்படி.

இங்கே? நோயாளியைத் தொட்டுப் பார்க்காமல் படித்த மருத்துவப் படிப்பை ஏற்க முடியாது என்றது தேசிய மருத்துவ ஆணையம். ஆன்லைனில் மட்டும் படித்த மருத்துவக் கல்வியை அங்கீகரிப்பதில்லை என்று 2022 பிப்ரவரியில் அறிவித்தது. ஆணையம் சொன்னதில் நியாயம் இருக்கிறது. நம் அம்மாவுக்கு ஊசி போடுகிறவர் திரையில் மட்டும் ஊசியைப் பார்த்தவராக இருக்கலாமா? அதே சமயம், கதவை மூடியது சீனா, மாணவன் இல்லையே என்ற வாதத்திலும் நியாயம் இருக்கிறது.

இந்த விவகாரத்தில் தமிழ்நாட்டுக்கும் பங்கு உண்டு. சீனாவில் படித்து, கடைசிக் கட்டத்தை ஆன்லைனில் முடித்து, இங்கே தகுதித் தேர்விலும் தேறிய ஒருவருக்குத் தற்காலிகப் பதிவு கிடைக்கவில்லை. வழக்குச் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போய், பிறகு உச்ச நீதிமன்றம் போயிற்று. 2022 ஏப்ரல் 29 அன்று தீர்ப்பு வந்தது. நேரடிப் பயிற்சி இல்லாதவருக்குப் பதிவு கொடுத்தே ஆக வேண்டும் என்று ஆணையத்தைக் கட்டாயப்படுத்த முடியாது, ஆனால் இப்படி மாட்டிக்கொண்ட மாணவர்களுக்காக இரண்டு மாதத்தில் ஒரு திட்டம் வகுக்க வேண்டும் என்றது நீதிமன்றம். அதன்படி ஜூலை 28 அன்று ஆணையம் ஒரு சலுகை தந்தது. கடைசி வருஷத்தில் இருந்து ஊர் திரும்பி, 2022 ஜூன் 30க்குள் பட்டம் பெற்றவர்கள் தகுதித் தேர்வு எழுதலாம். தேறியபின் ஒரு வருஷத்துக்குப் பதில் இரண்டு வருஷம் பயிற்சி மருத்துவராக இருக்க வேண்டும். இது கடைசி வருஷக்காரர்களுக்கு மட்டும். மற்றவர்கள் மேலும் காத்திருந்தார்கள்.

பார்த்தீர்களா? விசா கொடுத்தது ஒரு நாடு, பட்டம் கொடுத்தது ஒரு பல்கலைக்கழகம். ஆனால் டாக்டர் என்று போர்டு மாட்டலாமா என்று தீர்மானித்தது டில்லியில் இருக்கும் ஆணையம். 2021 நவம்பரில் வந்த அதன் விதிகள், வெளிநாட்டு மருத்துவப் படிப்பு குறைந்தது 54 மாதம் இருக்க வேண்டும், பிறகு 12 மாதப் பயிற்சியை அதே நிறுவனத்தில் முடிக்க வேண்டும் என்று சொல்கின்றன. வெளிநாட்டில் மருத்துவம் படிக்க அனுப்புகிறவர்கள் அந்த நாட்டு விசா விதியைப் படிப்பதற்கு முன்னால் இதைப் படிக்க வேண்டும்.

நம் நாட்டுக் கதவு

நாம் மட்டும் என்ன செய்தோம் என்பதையும் பார்ப்பதுதான் நியாயம். 2020 மார்ச் 13 முதல் பெரும்பாலான விசாக்களை இந்தியா நிறுத்திவைத்தது. ஓ.சி.ஐ. அட்டைக்காரர்கள் விசா இல்லாமல் வரும் வசதியும் நின்றது. மே 7 அன்று வந்தே பாரத் விமானங்கள் ஆரம்பித்தபோது ஒரு விபரீதம் தெரிந்தது. அமெரிக்காவில் வேலை போய் 60 நாள் கெடுவில் இருக்கும் அப்பா அம்மாவுக்கு இந்திய பாஸ்போர்ட், அவர்கள் ஏறலாம். அங்கே பிறந்த ஆறு மாதக் குழந்தைக்கு அமெரிக்க பாஸ்போர்ட், அது ஏறக் கூடாது! மே 22 அன்று உள்துறை அமைச்சகம் இதைச் சரி செய்தது. இந்தியர்களின் மைனர் குழந்தைகள், குடும்பத்தில் மரணம் போன்ற அவசரம் உள்ளவர்கள், பெற்றோர் இந்தியாவில் வசிக்கும் பல்கலைக்கழக மாணவர்கள் ஆகியோர் ஓ.சி.ஐ. அட்டையோடு வரலாம் என்றது.

இங்கே மாட்டிக்கொண்ட வெளிநாட்டவருக்கு விசாவைக் கட்டணம் இல்லாமல் நீட்டித்தோம் என்பதையும் சொல்ல வேண்டும். நாம் படிக்கும் ஊர்களில் ஆப்பிரிக்க நாடுகளிலிருந்தும் நேபாளம், பூட்டானிலிருந்தும் வந்து படிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். நம் குழந்தைக்கு அங்கே என்ன நடக்கக் கூடாது என்று நினைக்கிறோமோ, அது அவர்களுக்கு இங்கே நடக்கக் கூடாது.

நாம் செய்ய வேண்டியது

கொரோனா சலுகைகள் எல்லாம் முடிந்துவிட்டன. அமெரிக்காவில் 2023 மே 11 அன்று நெருக்கடி நிலை முடிந்ததோடு ஆன்லைன் சலுகையும் விடைபெற்றது. ஆனால் அறிவிப்பு ஒன்றில் விதி மாறும் பழக்கம் போகவில்லை. 2025 மே கடைசியில் அமெரிக்கா மாணவர் விசா நேர்காணல்களுக்குப் புதிதாக நேரம் ஒதுக்குவதைச் சில வாரம் நிறுத்தியது. அந்த ஆகஸ்டில், படிப்பு முடியும் வரை இருக்கலாம் என்ற ஏற்பாட்டுக்குப் பதிலாக அதிகபட்சம் நாலு வருஷம் என்று கெடு வைக்கும் விதியை முன்மொழிந்தது. அதற்கு எந்தக் கிருமியும் தேவைப்படவில்லை.

ஆகவே, வீட்டுக்கு வீடு செய்யக்கூடிய சிலவற்றைச் சொல்கிறேன்.

முதலில், ஒரு தாளை எடுத்து மூன்று கட்டம் போடுங்கள். நுழைய, தங்க, அங்கீகாரம். ஒவ்வொரு கட்டத்திலும் மூன்று விஷயம் எழுதுங்கள்: யார் கொடுத்தது, எந்தத் தேதி வரை, எந்தக் காகிதம் அதற்கு அத்தாட்சி. எழுத முடியாத கட்டம் எதுவோ அதுதான் உங்கள் பலவீனமான கரை. பஞ்சாங்கத்துக்குப் பக்கத்தில் அந்தத் தாளை மாட்டிவையுங்கள்.

இரண்டாவது, குழந்தை லீவுக்கு வருவதற்கு முன்னால், திரும்பிப் போக என்னென்ன வேண்டும் என்று கேளுங்கள். விசா தேதி என்ன? ஐ-20 படிவத்தில் பயணக் கையெழுத்து வாங்கியாயிற்றா? முத்திரை காலாவதியாகியிருந்தால் இந்தத் தடவை வருவது அவசியமா என்று யோசியுங்கள். கல்யாணத்தை வீடியோவில் பார்த்தால் தோஷம் இல்லை.

மூன்றாவது, கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது ராங்க் பட்டியலை மட்டும் பார்க்காதீர்கள். 2020இல் அந்த நிறுவனம் வெளிநாட்டு மாணவர்களுக்கு என்ன செய்தது, விடுதியைத் திறந்து வைத்ததா, கட்டணத்தைத் தள்ளிப்போட விட்டதா, சேர்க்கையை அடுத்த வருஷத்துக்கு மாற்றிக் கொடுத்ததா என்று அங்கே படித்தவர்களிடம் கேளுங்கள். கஷ்டகாலத்தில் கூட நிற்கும் கல்லூரிதான் நல்ல கல்லூரி.

நாலாவது, வாட்ஸ்அப்பில் வருவதை வைத்து டிக்கெட் எடுக்கவோ ரத்து செய்யவோ வேண்டாம். அந்தந்த அரசின் இணையதளத்தில் ஆணையின் வாசகத்தைப் படியுங்கள். "இன்ன தேதியில் ஏற்கெனவே இருந்தவர்களுக்கு", "இன்ன தேதிக்குப் பிறகு சேர்பவர்களுக்கு" என்ற வரிகளை முதலில் தேடுங்கள். யாருக்கு லாபம், யாருக்கு நஷ்டம் என்பது அந்த வரியில்தான் இருக்கும். புரியவில்லை என்றால் கல்லூரியின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்துக்கு எழுதி, பதிலைப் பத்திரப்படுத்துங்கள். வாய்வார்த்தை போதாது.

ஐந்தாவது, நம் வெளியுறவு அமைச்சகத்தின் மதத் இணையதளத்தில் குழந்தையின் பெயரைப் பதிந்துவையுங்கள். ஆபத்துக் காலத்தில் தூதரகம் தேடும்போது பெயர் பட்டியலில் இருக்க வேண்டும். கையில் காசில்லாமல் தவிக்கும் இந்தியர்களுக்கு உதவத் தூதரகங்களில் சமூக நல நிதி ஒன்று 2009 முதல் இருக்கிறது. கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

ஆறாவது, கடன். 2020இல் ரிசர்வ் வங்கி மார்ச் முதல் ஆகஸ்ட் வரை தவணையைத் தள்ளிவைக்க அனுமதித்தது. தவணைதான் நின்றது, வட்டி ஓடிக்கொண்டே இருந்தது. கல்விக் கடன் வாங்குகிறவர்கள் ஒரு வருஷம் தாமதமானால் தாங்குமா என்று கணக்குப் போட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

சங்கம் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. நமக்குப் பல ஊர்களில் அங்கத்தினர்கள். விசா நேர்காணலுக்குச் சென்னை, மும்பை, டில்லி, ஹைதராபாத், கொல்கத்தா என்று போக வேண்டிய மாணவர்களை இரண்டு நாள் வைத்துக்கொள்ளச் சம்மதிக்கும் வீடுகளின் பட்டியலை ஒவ்வொரு கிளையும் தயாரிக்கலாம். கேட்கிற மாணவன் நம் சமூகமா என்று பார்க்க வேண்டியதில்லை. வாசலில் பெட்டியோடு நிற்கும் குழந்தை எல்லாம் ஒன்றுதான்.

கடைசியாக, பெற்றோருக்கு ஒரு வார்த்தை. வேலை போய், கெடு நெருங்கி, "நான் திரும்பி வந்துடறேம்மா" என்று குழந்தை சொன்னால், "நாலு பேர் என்ன நினைப்பா?" என்று தயவுசெய்து கேட்காதீர்கள். அனுமதி இல்லாமல் ஒரு நாள் கூடத் தங்கவும், விதிக்கு மீறி ஒரு மணி நேரம் கூட வேலை பார்க்கவும் துணியும் நிலைக்கு ஒரு பிள்ளையைத் தள்ளுவது பெரும்பாலும் இந்தக் கேள்விதான். அப்படித் துணிந்தால் அடுத்த முறை எந்த நாட்டிலும் கதவு திறக்காமல் போகலாம். தற்காலிக விசாவில் போன குழந்தைக்கு நிரந்தரமாக ஒரு கதவு உண்டு என்றால் அது நம் வீட்டுக் கதவு. அதை மூடுகிற அதிகாரம் எந்தத் தூதரகத்துக்கும் கிடையாது.

 கேள்விகள் இருந்தால், தாளையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு முன்வரிசைக்கு வாருங்கள். மூன்று கட்டத்தையும் இங்கேயே போட்டுப் பார்த்துவிடலாம்.